பாறணைக்கு நான் கொண்டுபோன இனிப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மொக்கன். இதை என் மனைவி சொன்னால் கோபம் வரும். நானே சொன்னால் அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆதாரம் வேண்டுமென்றால் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த முதல் மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். பெர்மெஸ்ஸோ என்று இங்கே எல்லாரும் சொல்லுகிற வதிவிட அனுமதிக் கடதாசிக்கு விடியவே போய் வரிசையில் நில் என்று அனுப்பிவைத்தார்கள். போனேன். வியா மக்வேதாவுக்குப் பக்கத்துத் தெருவில் பெரியதொரு கட்டடம், வாசலில் நீண்ட வரிசை. எல்லாரும் நல்ல உடுப்புப் போட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். கடதாசிக்கு நிற்கிறவர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் நிற்பார்கள் என்று நானும் சேர்ந்து நின்றேன். முக்கால் மணித்தியாலம் கழித்து என் முறை வந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, விம்மி விம்மி அழுதார். நான் பாஸ்போட்டை நீட்டினேன். அது ஒரு செத்தவீடு.

இந்தக் கதையை எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் சொல்லுவேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், ஒருவருக்கும் நட்டமில்லை. இன்னொரு கதை இருக்கிறது. அதை எங்கேயும் சொன்னதில்லை. அது ஐஸ்கிறீம் வந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியில் தொடங்குகிறது. பெட்டிக்குள் முப்பது உருண்டைகள். கபில நிறம், மேலே மெல்லிதாகத் தூவிய சீனி மா. பார்த்தால் எள்ளுருண்டை, ஆனால் மருந்துக்கும் எள்ளுக் கிடையாது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலைய வாசலில் பஸ் ஏறி ஒரேத்தோப் பகுதிக்குப் போனேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

போனது மச்சாளின் வீட்டுக்கு. மச்சாள் என்றால் என் மாமாவின் மகள். என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அந்த எட்டு மாதத்தை எண்பது வருடமாக நினைத்துக்கொண்டு என்னை நடத்துகிறவள். பத்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளிக்கூடம். அவளுடைய சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டு, பிறகு நானே பம்போடு போய் நின்று நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். இப்போது யோசித்தால் என் வாழ்க்கையின் தொழில்முறையே அதுதான் என்று படுகிறது. அவள் கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் வேலைக்கு என்று இங்கே வந்தாள். கணவர் ஊரிலேயே மின்சார வேலை செய்துகொண்டு நின்றுவிட்டார். ஒரு வருடத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் ஒரு கடதாசி குறைந்தது. வேலை ஒப்பந்தத்தில் மணித்தியாலம் காணாது என்றார்கள். அதைச் சரிப்பண்ணினால் விலாசப் பதிவு இல்லை. அதுவும் வந்தபோது முதல் எடுத்த கடதாசி காலாவதியாகிவிட்டது. அவ்வொகாத்தோ, அதாவது வக்கீல், ஒவ்வொரு முறையும் "அடுத்த மாதம்" என்பார். அவருடைய நாட்காட்டியில் அந்த ஒரு மாதம்தான் அச்சடித்திருந்தது போலும்.

அதனால் மச்சாள் கந்தசஷ்டி பிடிக்கத் தொடங்கினாள். கணவர் வந்து சேரவேண்டும் என்று நேர்த்தி. தொடர்ந்து ஆறு வருடம், வருடத்துக்கு ஆறு நாள். பின்னேரம் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும், அவ்வளவுதான். ஊரில் இந்த விரதம் பிடிக்கிறவர்கள் கோயில் மண்டபத்தில் புராணம் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். மச்சாள் அந்த ஆறு நாளும் வேலைக்குப் போனாள். லிஃப்ற் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இந்த ஊர் அம்மா ஒருவரை, பார்க்கிற வேலை. கூட்டி, துடைத்து, சந்தைச் சாமான் தூக்கி, போதாததற்கு இறைச்சியும் சமைக்கவேண்டும். சிஞ்ஞோராவுக்கு மத்தியானம் ராகு என்கிற இறைச்சிக் குழம்பு இல்லாமல் பாஸ்தா இறங்காது. மச்சாள் கையுறை போட்டு, மூக்கால் மணந்து, நாக்கில் படாமல் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். "எப்பிடி உனக்கு உப்புத் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன். "மணத்திலை தெரியும். நீ ரெண்டு நாள் பட்டினி கிடந்து பார், உனக்கும் தெரியும்" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி நான் வேலை செய்கிறேன். நான் பார்க்கிறவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். புரொபெஸ்ஸோரே என்றுதான் கூப்பிடவேண்டும், மருந்து கொடுக்கும்போதும்கூட. அவருக்கு மழை பெய்தால் இனிப்பு வேண்டும். கடைக்கு ஓடுகிறேன் என்றால் விடமாட்டார். "கடை வேண்டாம், அலுமாரியைத் திற" என்பார். சமையலறைக் கதிரையில் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து, வகுப்பில் பாடம் நடத்துவது போலவே சொல்லித்தருவார். வெறும் பால் விசுக்கோத்தை எடுத்துக் கையால் நொறுக்கவேண்டும். மாவாக்கக் கூடாது, பல்லில் கடிபடவேண்டும். வெளியே வைத்து இளகிய பட்டரைச் சீனியோடு தேய்க்கவேண்டும். கொக்கோத் தூள், ஒரு கிள்ளு உப்பு, இரண்டு முட்டை. விசுக்கோத்துத் துண்டுகளைக் கொட்டிக் குழைத்து, எண்ணெய்க் கடதாசியில் வைத்து உலக்கை போல உருட்டி, இரண்டு நுனியையும் டொபி போல முறுக்கி, நூல் சுற்றி ஃபிரிட்ஜில் மூன்று மணித்தியாலம். எடுத்து வட்டம் வட்டமாக வெட்டினால் கறுத்த இறைச்சியில் வெள்ளைக் கொழுப்பு ஓடினது போல இருக்கும். சொக்கலேற் சலாமே என்று அதற்குப் பெயர்; சலாமே என்றால் வட்டமாக வெட்டிச் சாப்பிடுகிற உலர்ந்த இறைச்சி உருளை. இறைச்சி போலவே இருக்கிறது என்பதில் இந்த ஊர் ஆட்களுக்கு ஒரு கர்வம். அடுப்பே மூட்டத் தேவையில்லை என்பதில் எனக்குக் கர்வம். "முட்டை இல்லாவிட்டால் அது இனிப்பில்லை, மண்" என்று புரொபெஸ்ஸோரே ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அம்பது தரமாவது செய்திருப்பேன். ஏழாம் எட்டாம் தரத்திலேயே கை தானாகச் செய்யத் தொடங்கிவிட்டது. தலைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. எனக்கு அது எப்போதும் நல்லதல்ல.

ஆறாவது வருட விரதம் முடிகிற பாறணைக்கு மச்சாள் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டாள். அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, எல்லாருக்கும் லீவு. என் மனைவி விடியவே உதவிக்குப் போய்விட்டாள். நான் என்னுடைய புகழ்பெற்ற இனிப்போடு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இந்த இடத்தில் என் புத்திசாலித்தனத்தைக் கவனிக்கவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் புரொபெஸ்ஸோரேயின் சமையலறையில் நின்று நான் ஆழமாக யோசித்தேன். இறைச்சி மாதிரி இருக்கிற ஒன்றைக் கொண்டுபோய் வேலுக்கு முன்னால் வைக்கலாமா? மச்சாள் அகப்பைக் காம்பால் அடிப்பாள். ஆகவே உருட்டினேன், உருண்டை உருண்டையாக, எள்ளுருண்டை அளவில். கிழவருக்கு அது பிடிக்கவில்லை. "இது அது இல்லையே" என்றார். எங்கள் கடவுளுக்கு வைக்கப்போகிறேன், அவர் இறைச்சி சாப்பிடமாட்டார், அதனால் உருவத்தை மாற்றுகிறேன் என்று விளக்கினேன். அப்படியென்றால் என்னதான் சாப்பிடுவார் என்று கேட்டார். தேனும் தினைமாவும் என்றேன். கிழவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இத்தனை காலமாகவா? பாவம், இரண்டு கூட வை" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உருவத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த எனக்கு, உள்ளே போனதைப் பற்றி ஒரு சொட்டு யோசனை வரவில்லை. கடவுளைப் பற்றி அவரோடு கதைத்துக்கொண்டே குழைத்தபோது என் கை வழக்கம்போல இரண்டு முட்டையை உடைத்து ஊற்றியிருக்கிறது.

கதவைத் திறந்தது மச்சாள். தோய்ந்த தலை ஈரம் காயவில்லை. ஆறு நாளில் முகம் உள்ளே போய்க் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, "இதென்னடா மச்சான், எள்ளுருண்டையோ?" என்றாள்.

"சொக்கலேற். அடுப்பே காணாத சாமான். உன்ரை முருகனுக்கு ஒரு மாறுதலுக்கு."

"முட்டை கிட்டை ஒண்டும் போடேல்லைத்தானே?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம் வரை எனக்கு முட்டை ஞாபகமே இல்லை. அவள் கேட்டவுடன் இரண்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, ஓட்டோடு. அவளுக்குப் பின்னால் வீடு நிறையச் சனம். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப்பார்த்தாள். யாரோ "அந்தா, சமையல்காரர் வந்திட்டார்" என்றார்கள். போட்டிட்டன் மச்சாள், மறந்துபோனன், இதை அங்காலை வை என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? கொஞ்சம் சிரித்திருப்பார்கள். செத்தவீட்டு வரிசைக் கதையோடு இன்னொரு கதை சேர்ந்திருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வேண்டியிருக்கவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயர் வேண்டியிருந்தது. "சீச்சீ, வெறும் விசுக்கோத்தும் சீனியும்" என்றேன். பொய் சொல்லுகிறவனுக்குத் தொண்டை அடைக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் அடைக்கவில்லை. பட்டர் போல வழுக்கிக்கொண்டு வந்தது.

வாழையிலையில் சோறும் பருப்பும் கறிகளும் படைத்திருந்தாள். என் உருண்டைகளை ஒரு தட்டில் அடுக்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். குத்துவிளக்கில் ஃபோனைச் சாய்த்து வைத்து ஊரிலிருந்த கணவரையும் பார்க்கவிட்டிருந்தாள். அவர் வெறும் மேலோடு, விபூதி பூசி, கை கும்பிட்டுக்கொண்டு நின்றார். கற்பூரம் காட்டி முடிந்ததும் ஃபோனுக்குள்ளிருந்து, "அந்த உருண்டையிலை எனக்கு ஒண்டு எடுத்து வையுங்கோ, வாறன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தாள், அவள் லேசில் சிரிக்கிறவள் அல்ல. பிறகு இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்கப் போனவள் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாவம், நீ மினக்கெட்டுச் செய்து தூக்கிக்கொண்டு வந்தனி. இதைத்தான் முதல் வாயிலை வைக்கப்போறன்" என்று ஒரு உருண்டையை எடுத்தாள். தடுக்கலாம் என்று கை கொஞ்சம் எழும்பியது. எழும்பின கையால் தலையைச் சொறிந்தேன். ஆறு நாள் வெறும் வயிற்றுக்குள், ஆறு வருட நேர்த்தியின் கடைசிச் சாப்பாடாக, அது இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "நல்லாயிருக்கடா" என்றாள்.

எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. முட்டையில் என்ன இருக்கிறது, கடவுளுக்கு இதைவிட வேலை இல்லையா என்று வாதாடுகிற ஆள் நான். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதும் எனக்குள்ளே அப்படித்தான் வாதாடிக்கொண்டு வந்தேன். வாதத்தில் வென்றும் விட்டேன். ஆனால் கேட்டவள் முட்டையைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. போட்டாயா இல்லையா என்றுதான் கேட்டாள். அவளுடைய விரதத்தில் அவளுக்கு எது சரி எது பிழை என்று தீர்மானிக்கிற உரிமையை ஒரு "சீச்சீ"யால் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். இது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியது மாசி மாதத்தில்.

மாசியில், கணவரைக் கூப்பிடப் போட்டிருந்த கடதாசி திரும்பி வந்தது. மச்சாள் இருந்த வீடு வேறு இரண்டு பெண்களோடு பங்குபோட்டு இருந்த வீடு. கணவன் மனைவிக்கு அந்த இடம் காணாது, பெரிய வீடு எடுத்துத் திரும்ப விண்ணப்பிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் அழவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்துகொண்டு, ஐப்பசியில் பிடித்த விரதத்தின் ஆறு நாளையும் சுளகில் போட்டுப் புடைப்பது போலப் புடைக்கத் தொடங்கினாள்.

"நான் எங்கையோ பிழை விட்டிட்டன். முதல் நாள் காப்புக் கட்ட முந்தித் தண்ணி குடிச்சனானோ? இல்லை. ரெண்டாம் நாள் அந்தப் பெட்டையளின்ரை மீன் சட்டியை நான் தொடேல்லை, சவர்க்காரம் போட்டு அவையளே கழுவினவை. மூண்டாம் நாள் பாலும் நானே காய்ச்சினது."

நான் கையில் ஒரு விசுக்கோத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணிக்குள் தோய்த்தது, பாதி ஊறி விழுந்துவிட்டது. "கடதாசியிலை வீடு சின்னன் எண்டுதானே போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"அது மனிசர் எழுதிறது" என்றாள்.

அப்புறம் கண்டுபிடித்தாள். நாலாம் நாள். சிஞ்ஞோரா ராகு அள்ளின கரண்டியோடு வந்து, உப்புப் பார் என்று திடீரென்று அவள் வாயில் வைத்துவிட்டாராம். உதட்டில்தான் பட்டது. உடனே ஓடிப்போய் மூன்று தரம் கொப்பளித்தாளாம். "அதுதான்" என்றாள். திரும்ப ஒரு தரம், ஆறுதலாக, "அதுதான்" என்றாள். பிழையைக் கண்டுபிடித்ததில் அவள் முகத்தில் ஒரு நிம்மதியே வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் பார்க்கமுடியாமல் இருந்தது. ஒரு வசனம் சொன்னால் போதும், அந்தக் கரண்டியும் அந்தச் சிஞ்ஞோராவும் விடுதலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முருகனுக்கும் இப்ப ராகு பிடிச்சுப்போச்சுதோ தெரியாது, இந்த ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் பிடிக்கும்" என்றேன். நான் மட்டும் சிரித்தேன். மச்சாள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "முதலிலை இருந்து பிடிக்கப்போறன். இன்னொரு ஆறு" என்றாள்.

போன வருடம் ஐப்பசி வந்தது. அதற்குள் ஒரேத்தோவிலேயே இரண்டு அறை வீடு எடுத்து, புதிதாக விண்ணப்பமும் போட்டிருந்தாள். ஒரு அறையைப் பூட்டி வைத்திருந்தாள்; அது கணவர் வருகிறபோது திறக்கிற அறை. விரதம் தொடங்க ஒரு கிழமைக்கு முன்னால் சிஞ்ஞோராவிடம் போய், அந்த ஆறு நாளும் இறைச்சி தொடமாட்டேன், மற்ற வேலை எல்லாம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சிஞ்ஞோராவுக்கு அது விளங்கவே இல்லை. சிஞ்ஞோராவின் மகளுக்கு நன்றாக விளங்கியது. "அப்படியானால் அந்த ஆறு நாளைக்கு வேறு யாரையாவது எடுக்கிறேன். அவர் நல்லாகச் செய்தால் மற்ற நாட்களையும் அவரே செய்யலாம்" என்றாராம். அந்த வேலை ஒப்பந்தம் போனால் கணவருடைய விண்ணப்பமும் அதோடு போய்விடும். வருடக்கணக்காகக் கையுறை போட்டுச் சமாளித்த ஒருத்தி, தான் செய்யாத பிழைக்குப் பயந்து, இருக்கிற ஒரே பிடிமானத்தையும் விடப்போனாள். காரணம் என்னுடைய ஒரு பெட்டி உருண்டை.

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது, "யோசிக்காதை, நான் வந்து இறைச்சி சமைக்கிறன்." சைக்கிளில் காற்றைத் திறந்துவிட்டுப் பம்போடு நிற்கிற பழைய தொழில். ஆறு நாளும் பதினொரு மணிக்குப் புரொபெஸ்ஸோரேக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு தெரு ஓடி, மூன்று மாடி ஏறி, ராகு சமைத்தேன். சிஞ்ஞோரா என்னுடைய குழம்பில் மிளகு கூட என்று முதல் நாள் சொன்னார், மூன்றாம் நாள் அதையே கேட்டு வாங்கினார். அந்த மூன்றாம் நாள் நான் வேலை முடித்து இறங்கும்போது மச்சாள் இரண்டாம் மாடிப் படியில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"மச்சாள், என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. மிச்சப் படியை எண்ணுறன். இருந்து எண்ணினால் குறைவாய்த் தெரியுது."

என் கையில் இறைச்சி மணம். அதோடு அவளைத் தூக்கவும் முடியாது, தொடவும் முடியாது. இரண்டு படி தள்ளி நின்றேன். உண்மை வாய் வரை வந்தது. "ஒரு தேசிக்காய்த் தண்ணியாவது குடியன்" என்றேன். "நீ போ, கிழவர் தேடுவார்" என்றாள். போனேன்.

அந்த வருடப் பாறணையில் எனக்கு நடந்ததை எதிரிக்கும் வேண்டேன். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மச்சாள் எழும்பி நின்று, "இந்த முறை விரதத்திலை பாதி மச்சான்ரை. அவன் இல்லாட்டி வேலையும் போயிருக்கும், விரதமும் போயிருக்கும்" என்றாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்து விபூதி பூசினார். எதற்கும் ஒரு பகிடி விடுகிற நான் அன்றைக்கு இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் பாராட்டு. "அந்த உருண்டை ஏன் கொண்டரேல்லை? அதிலை ஆசையாய் இருந்தன்" என்றாள் மச்சாள். வீட்டில் விசுக்கோத்து முடிந்துவிட்டது என்றேன். என் வீட்டு அலுமாரியில் அன்றைக்கு நாலு பக்கெற் இருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த இனிப்பைச் செய்யவில்லை. புரொபெஸ்ஸோரே மழைக்கு மழை கேட்பார்; முட்டை இல்லை, பட்டர் இல்லை என்று ஏதாவது சொல்லித் தப்புவேன். "அலுமாரியைப் பார்" என்பார். பார்ப்பேன். எல்லாம் இருக்கும்.

இந்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முந்தி மச்சாள் ஒரு புதுச் சேட்டோடு வந்தாள். இளநீலம், என் அளவு சரியாகப் பார்த்து வாங்கியிருந்தாள். "காப்புக் கட்டுற அண்டு போட்டுக்கொண்டு வா. இந்த முறையும் சிஞ்ஞோரா வீட்டுக்கு நீதான் வரவேணும். அவ இப்பவே உன்ரை மிளகைக் கேக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தச் சேட்டை மடிப்புக் குலையாமல் கட்டிலில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து, ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் முட்டுக் கொடுத்து வைத்திருந்தது, ஒரு சேட்டுக்குச் சரிந்துவிட்டது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அண்டைக்கு நான் உள்ளுக்கை நிண்டனான். என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள்ளை சொல்லியிருந்தாலும் தட்டை மாத்தியிருப்பன்" என்றாள். பிறகு, "என்னட்டைச் சொல்லி என்ன? அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. விரதம் தொடங்க முந்திச் சொல்லுங்கோ" என்றாள். பகிடி விடாமல் சொல்லுங்கோ என்றும் வாசலில் நின்று ஒரு தரம் சொல்லி அனுப்பினாள்.

விரதத்துக்கு முதல் நாள் பின்னேரம் போனேன். மச்சாள் குசினியில் மீன் இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டிகளைத் தனியாக எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டு, மற்றவற்றை விளக்கிக்கொண்டிருந்தாள். பூட்டிய அறையின் கதவுப் பிடியில் ஒரு புதுத் துவாய் தொங்கியது. "இரு, தேத்தண்ணி போடுறன்" என்றாள். வேண்டாம் என்றேன். உட்காரவில்லை. வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததை ஒப்புவிக்கத் தொடங்கினேன். உருண்டை, புரொபெஸ்ஸோரே, கை பழகின வேலை என்று சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் முட்டைக்கு வந்தேன். சட்டியைத் தேய்க்கிற சத்தம் நின்றது. மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தினை?"

"ரெண்டு."

"நான் கேட்டனான், என்ன?"

"ஓம். கேட்டனி."

திரும்பத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் எனக்குத் தைரியம் தந்தது. மொக்கனுக்கு எதுவும் தைரியம் தரும். என் வாதத்தை எடுத்துவிட்டேன். சிஞ்ஞோராவின் கரண்டியில் பிழை இல்லை, உன்னில் பிழையே இல்லை, ஆறு வருடமும் நீ ஒழுங்காகத்தான் பிடித்தாய், பிழை முழுக்க என்னுடையது, ஆகையால் போன வருடம் தொடங்கின இன்னொரு ஆறுக்காக இனி நீ பட்டினி கிடக்கத் தேவையே இல்லை, இந்தப் பிழைக்கு நீ என்ன சொன்னாலும் நான் செய்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மச்சாள் கேட்டுக்கொண்டே சட்டியைக் கழுவி, தண்ணீரை வடித்து, கவிழ்த்து வைத்தாள். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப மிச்ச அஞ்சு வருசத்தையும் நீ பிடி."